ஸ்விஃப்டில் சொந்தப் பிழை வகைகளிலிருந்து விவரம் எடுப்பது: முழுமையான வழிகாட்டி

ஸ்விஃப்ட் மொழியில் ஐஃபோன் செயலி எழுதப் பழகுகிறவர்கள் சொந்தமாக ஒரு பிழை வகையை வகுப்பதில் அதிகம் தடுமாறுவதில்லை. நாலைந்து கேஸ் எழுதி எறிந்துவிடுகிறார்கள். தடுமாற்றமெல்லாம் பிடிக்கும் இடத்தில்தான். கையில் ‘எரர்’ என்று ஒன்று வந்து நிற்கும். அதற்குள் சர்வர் தந்த எண் இருக்கிறது, வங்கி சொன்ன காரணம் இருக்கிறது என்று தெரியும். ஆனால் புள்ளி வைத்துப் பார்த்தால் எக்ஸ்கோட் (ஆப்பிளின் செயலி எழுதும் கருவி) ‘லோக்கலைஸ்டுடிஸ்கிரிப்ஷன்’ என்ற விளக்க வாசகத்தைத் தவிர உருப்படியாக எதையும் காட்டாது. அதை அச்சிட்டால், செயலை முடிக்க இயலவில்லை, பிழை எண் 1 என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி வரும். சிலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சிலர் அந்த வரிக்குள்ளேயே சொல் தேடி முடிவெடுக்கத் தொடங்குகிறார்கள். இரண்டாவது இன்னும் மோசம்.

விவரத்தை எடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வகை, பிறகு கேஸ், பிறகு கேஸுக்குள் இருக்கும் மதிப்புகள், பிறகு அடியில் ஒளிந்திருக்கும் மூலப் பிழை. வாசகம் எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எனம், ஆப்ஷனல், ஸ்விட்ச் மூன்றும் பழக்கமாகியிருக்க வேண்டும். ‘டூ, ட்ரை, கேட்ச்’ ஒருமுறையாவது எழுதியிருக்க வேண்டும். எக்ஸ்கோட் 16 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் இங்கே சொல்லும் எல்லாமே ஓடும். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் மூன்றாம் படியின் கடைசிப் பத்தியை மட்டும் விட்டுவிடலாம்.

எக்ஸ்கோடில் பிரேக்பாயின்ட் பட்டியலின் அடியில் உள்ள கூட்டல் குறியைத் தட்டி ‘ஸ்விஃப்ட் எரர் பிரேக்பாயின்ட்’ ஒன்றை இப்போதே சேர்த்துவிடுங்கள். பிழை எறியப்படும் அந்த வரியிலேயே ஓட்டம் நிற்கும். பிடிக்கும் இடத்திலிருந்து பின்னோக்கித் தேடுவதைவிட இது எவ்வளவோ சுலபம்.

எழுத்து பற்றி ஒன்று. மொழியின் சொந்தச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். நாம் வைக்கும் பெயர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஸ்விஃப்ட் தமிழ் எழுத்துகளை அப்படியே பெயராக ஏற்கும். அதனால் உதாரணத்தில் வரும் வகைக்கும் கேஸ்களுக்கும் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன், அப்படியே எழுதினாலும் கம்பைல் ஆகும்.

## 1. எடுக்க வேண்டியதை முதலில் உள்ளே வையுங்கள்

பேருந்து டிக்கெட் பதிவு செய்யும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘டிக்கெட்பிழை’ என்று ஓர் எனம், ‘எரர்’ ப்ரோட்டோகாலை ஏற்கிறது. அதில் ஐந்து கேஸ்:

- ‘இருக்கைபோனது’: கூடவே இருக்கை எண்.
- ‘பணம்மறுப்பு’: கூடவே வங்கியின் குறி, காரணம்.
- ‘சர்வர்’: கூடவே நிலை எண், எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்ற ஆப்ஷனல் மதிப்பு.
- ‘இணைப்பு’: கூடவே உள்பிழை.
- ‘பதில்புரியவில்லை’: கூடவே உள்பிழை.

கேஸோடு சேர்ந்து வரும் இந்த மதிப்புகளைத்தான் அசோசியேட்டட் வேல்யூ என்கிறோம். புதியவர்கள் பெரும்பாலும் ‘பணம்மறுப்பு’ என்று வெறும் கேஸாக எழுதிவிட்டு, காரணத்தைப் பிறகு எங்கிருந்தாவது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். எறியும் அந்தக் கணத்தில் மட்டுமே அந்த விவரம் கையில் இருக்கிறது. அங்கே உள்ளே வைக்காததை எந்தக் கேட்ச்சும் வெளியே எடுத்துத் தராது.

எதை வைப்பது, எதை விடுவது? பிடிக்கிறவர் அதை வைத்து வேறு மாதிரி நடந்துகொள்வாரா என்று கேளுங்கள். இருக்கை எண் தெரிந்தால் திரையில் அந்த இருக்கையைச் சாம்பல் நிறமாக்கலாம், ஆகவே வேண்டும். காத்திருக்கும் நொடி தெரிந்தால் மறுமுயற்சியைத் தள்ளிப்போடலாம், வேண்டும். அட்டை எண்ணும் உள்நுழைவு டோக்கனும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். பிழைகள் லாகுக்கு, அதாவது செயலியின் ஓட்டப் பதிவுக்குப் போகும், கிராஷ் அறிக்கைக்குப் போகும், சில நேரம் ஸ்கிரீன்ஷாட்டாக வாட்ஸப்புக்கும் போகும்.

மதிப்புகளுக்குப் பெயர் வையுங்கள். பெயரில்லாமல் இரண்டு சரங்கள் அடுத்தடுத்து இருந்தால் குறி எது, காரணம் எது என்று பிடிக்கும் இடத்தில் மாறிப்போகும். இரண்டும் ஒரே டைப் என்பதால் கம்பைலரும் தடுக்காது.

## 2. சரியான இடத்தில் எறியுங்கள்

சர்வரோடு பேச ஆப்பிள் தரும் ‘யூஆர்எல்செஷன்’ பற்றிப் பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்று உண்டு. சர்வர் 404 தந்தாலும் 500 தந்தாலும் அது பிழை எறியாது. பதில் வந்து சேர்ந்தது, அதோடு அதன் வேலை முடிந்தது. ஆகவே பதிலை ‘எச்டிடிபியூஆர்எல்ரெஸ்பான்ஸ்’ ஆக மாற்றி, நிலை எண் 200 முதல் 299 வரை இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். இல்லையென்றால் ‘சர்வர்’ கேஸை எறிய வேண்டும்.

இந்தச் சோதனையை விட்டுவிட்டு நேராக ஜேசன் டிகோட் செய்யப் (சர்வர் அனுப்பும் தரவை நம் வகையாகப் படிக்கப்) போனால் என்ன ஆகும்? சர்வர் அனுப்பிய பிழைப் பக்கத்தை டிக்கெட் விவரம் என்று நினைத்து டிகோடர் படிக்க முயலும், முடியாமல் டிகோடிங் பிழை எறியும். நீங்கள் மாடலில் தவறு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். உண்மையில் சர்வர் படுத்திருக்கும். முதலில் நிலை எண், அப்புறம்தான் டிகோட். இந்த வரிசை மாறவே கூடாது.

429, 503 ஆகிய நிலைகளில் ‘ரீட்ரை ஆஃப்டர்’ என்ற ஹெடர் வரக்கூடும். அதில் நொடிக்கணக்கும் இருக்கலாம், முழுத் தேதி நேரமும் இருக்கலாம், இரண்டுமே அனுமதிக்கப்பட்டவை. முழு எண்ணாக மாறவில்லை என்றால் தேதியாகப் படித்துப் பாருங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் ‘நில்’ (மதிப்பு இல்லை என்ற குறி) வையுங்கள். காத்திருக்கும் மதிப்பு ஆப்ஷனலாக இருப்பது இதற்காகத்தான்.

## 3. பிடிப்பதில் குறுகியது முதலில், பொதுவானது கடைசியில்

கேட்ச் வரிகள் மேலிருந்து கீழாகச் சோதிக்கப்படும். முதலில் பொருந்துவதே ஓடும், மற்றவை பார்க்கப்படாது. இதை மனதில் வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

ஒரே ஒரு கேஸ் மட்டும் வேண்டுமென்றால் மாதிரியை நேராகக் கேட்ச்சிலேயே எழுதலாம்: கேட்ச் என்று எழுதி, ‘டிக்கெட்பிழை’ புள்ளி ‘பணம்மறுப்பு’, அடைப்புக்குள் லெட் குறி, லெட் காரணம். அந்தக் கட்டத்துக்குள் ‘குறி’, ‘காரணம்’ இரண்டும் சாதாரண மாறிலிகளாகக் கிடைக்கும். நிபந்தனையும் சேர்க்கலாம். ‘சர்வர்’ கேஸில் நிலை 500க்குக் குறையாமல் இருந்தால் மட்டும் என்று ‘வேர்’ என்ற நிபந்தனைச் சொல் போட்டு எழுதினால், 400 வரிசை வேறு கேட்ச்சுக்குப் போய்விடும்.

இரண்டு மூன்று கேஸுக்கு மேல் தனித்தனியாக நடக்க வேண்டுமென்றால் நான் வேறு வழியைச் சொல்வேன். ‘கேட்ச் லெட் பிழை ஆஸ் டிக்கெட்பிழை’ என்று வகையை மட்டும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். உள்ளே ஒரு ஸ்விட்ச் போடுங்கள், அதில் டிஃபால்ட் எழுதாதீர்கள். நாளை யாராவது ஆறாவது கேஸ் சேர்த்தால் கம்பைலர் இந்த இடத்தைக் காட்டிக் கேட்கும். டிஃபால்ட் எழுதியிருந்தால் கேட்காது. புதிய பிழை சத்தமில்லாமல் பழைய வாசகத்தோடு திரைக்குப் போகும்.

அதன் கீழே வெறும் கேட்ச் ஒன்று கட்டாயம் வேண்டும். நம் வகை அல்லாத பிழைகள் அங்கே வரும், ‘எரர்’ என்ற மாறிலி அங்கே தானாகவே கிடைக்கும். அதை எழுதாமல் விட்டால், செயற்கூறு தானே எறியக்கூடியதாக இல்லாத பட்சத்தில், கேட்ச் முழுமையாக இல்லை என்று கம்பைலர் நிறுத்தும். ஐந்து கேஸையும் பிடித்துவிட்டேனே என்று பலர் இங்கே குழம்புகிறார்கள். கம்பைலருக்கு அந்தச் செயற்கூறு ‘டிக்கெட்பிழை’ மட்டும்தான் எறியும் என்று தெரியாது. ஏதோ ஒரு ‘எரர்’ எறியும் என்பதே அதற்குத் தெரிந்தது.

தெரியப்படுத்தவும் ஒரு வழி வந்திருக்கிறது. 2024இல் வந்த ஸ்விஃப்ட் 6, ‘த்ரோஸ்’ என்பதன் பக்கத்தில் அடைப்புக்குள் வகையின் பெயரை எழுத விடுகிறது. அப்படி எழுதிய செயற்கூற்றை மட்டும் ஒரு ‘டூ’வுக்குள் அழைத்தால், வெறும் கேட்ச்சில் கிடைக்கும் ‘எரர்’ நேராக ‘டிக்கெட்பிழை’யாகவே இருக்கும், வகை மாற்றமே தேவையில்லை. ஒரே செயலிக்குள், ஒரே அடுக்குக்குள் இது அருமையாக வேலை செய்கிறது. வெளியாருக்குத் தரும் நூலகத்தில் போடுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். நாளை வேறு வகைப் பிழையும் எறிய வேண்டி வந்தால், பயன்படுத்துகிற அனைவருடைய குறியீடும் உடையும்.

## 4. ‘என்எஸ்எரர்’ கேட்ச்சை மேலே வைக்காதீர்கள்

இது மேலே சொன்னதன் தொடர்ச்சிதான், ஆனால் புதியவர்கள் இதில் விழுவதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் தனித் தலைப்பு.

இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்களில் ‘கேட்ச் லெட் பிழை ஆஸ் என்எஸ்எரர்’ என்ற வரி நிறைய இருக்கும். ‘என்எஸ்எரர்’ என்பது ஸ்விஃப்டுக்கு முந்தைய ஆப்பிள் பிழை வகை. அதை நகலெடுத்து முதலில் வைத்துவிடுவார்கள். ஸ்விஃப்டின் எந்தப் பிழையையும் ‘என்எஸ்எரர்’ ஆக மாற்ற முடியும், அந்த மாற்றம் தோற்பதே இல்லை. ஆகவே அந்த வரி எல்லாவற்றையும் விழுங்கிவிடும், கீழே எழுதிய நம் கேட்ச்கள் ஒருபோதும் ஓடாது. அங்கே கிடைக்கும் டொமைன் (பிழையின் மூலத்தைச் சொல்லும் சரம்) என்பதில் நம் வகையின் பெயரும், கோடு (பிழையின் குறியெண்) என்பதில் ஓர் எண்ணும் இருக்கும். இருக்கை எண்ணைக் கேட்டால் கிடைக்காது.

அந்த எண்ணையும் நம்ப வேண்டாம். நாமாகக் கொடுக்காதபோது அது கேஸின் உள் வரிசையிலிருந்து வருகிறது. நாம் எழுதிய வரிசையிலேயே அது இருக்கும் என்ற உறுதி இல்லை, இடையில் ஒரு கேஸ் சேர்த்தாலும் மாறிவிடும். போன மாதம் 2 என்று அறிக்கையில் வந்த பிழையும் இந்த மாதம் 2 என்று வருவதும் வேறு வேறாக இருக்கலாம். நிலையான எண் வேண்டுமானால் ‘கஸ்டம்என்எஸ்எரர்’ ப்ரோட்டோகாலை ஏற்று, டொமைன், கோடு, யூசர்இன்ஃபோ (கூடுதல் விவரங்களின் தொகுப்பு) மூன்றையும் நாமே தர வேண்டும். கிராஷ் அறிக்கைச் சேவைகள் பெரும்பாலும் பிழைகளை டொமைனையும் கோடையும் வைத்தே குழுவாகப் பிரிப்பதால், அவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

## 5. அடியில் இருக்கும் பிழையைத் தோண்டுங்கள்: இணைப்பு

‘இணைப்பு’ கேஸுக்குள் வைத்த உள்பிழை இன்னும் வெறும் ‘எரர்’ தான். அதை ‘ஆஸ் கேள்விக்குறி’ போட்டு ‘யூஆர்எல்எரர்’ ஆக மாற்றுங்கள். அதன் ‘கோட்’ என்ற பண்பு நமக்கு வேண்டிய பதிலைத் தரும். அடிக்கடி எதிர்ப்படுபவை: −1009 என்றால் இணையமே இல்லை, −1001 நேரம் கடந்தது, −1003 சர்வரின் பெயரே கிடைக்கவில்லை, −1005 பாதியில் அறுந்தது, −1202 சர்வரின் சான்றிதழை நம்ப முடியவில்லை, −999 நாமே ரத்து செய்தது.

எண்களை நேராக ஒப்பிடாமல் அவற்றின் பெயர்களை வைத்தே ஸ்விட்ச் எழுதுங்கள். எண்கள் லாகைப் படிக்கும்போதுதான் உதவும்.

இவற்றில் −1009, −1001, −1005 மூன்றுக்கும் மறுமுயற்சி அர்த்தமுள்ளது. ஆனால் பணம் செலுத்தும் அழைப்பில் −1001ஐயும் −1005ஐயும் கண்டு கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பக் கூடாது. கோரிக்கை சர்வரைச் சேர்ந்து, பணம் பிடிக்கப்பட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். முதலில் நிலையைக் கேளுங்கள், பிறகு முடிவெடுங்கள். −1202க்கு மறுமுயற்சியால் பயனில்லை.

அதே ‘யூஆர்எல்எரர்’இல் எந்த முகவரி தோற்றது என்ற பண்பும், மொபைல் டேட்டா தடுக்கப்பட்டதாலா, குறைந்த டேட்டா பயன்முறையாலா என்று சொல்லும் இன்னொரு பண்பும் உண்டு. முகவரியை லாகில் எழுதுமுன் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடுங்கள், டோக்கன் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

வேறு நூலகம் வழியாக அழைப்பு விடுகிறவர்களுக்கு இன்னும் ஓர் அடுக்கு கூடும். அலமோஃபயர் தன் சொந்த ‘ஏஎஃப்எரர்’க்குள் மூலப் பிழையைச் சுற்றித் தருகிறது. அதன் ‘அண்டர்லையிங்எரர்’ பண்பை எடுத்து, அதற்குப் பிறகுதான் ‘யூஆர்எல்எரர்’ ஆக மாற்ற வேண்டும். நேராக மாற்றினால் நில் வரும்.

## 6. அடியில் இருக்கும் பிழையைத் தோண்டுங்கள்: டிகோடிங்

இந்தப் படியில் நேரம் செலவழிப்பது வீண் போகாது. ஒரு செயலியின் வாழ்நாளில் அதிகம் துரத்த வேண்டியிருப்பது இந்தப் பிழையைத்தான், தரும் விவரமும் இதில்தான் அதிகம். ஆனால் இதன் ‘லோக்கலைஸ்டுடிஸ்கிரிப்ஷன்’, தரவு சரியான வடிவில் இல்லை, அல்லது தரவைக் காணவில்லை என்ற பொருளில் ஒற்றை வரியோடு முடிந்துவிடும். எந்தப் புலம், எந்த வரிசை, எதுவும் இருக்காது.

‘டிகோடிங்எரர்’ ஆக மாற்றி ஸ்விட்ச் போட்டால் நான்கு கேஸ் கிடைக்கும். ‘கீநாட்ஃபவுண்ட்’: அந்தச் சாவியே ஜேசனில் இல்லை. ‘வேல்யூநாட்ஃபவுண்ட்’: மதிப்பு இருக்க வேண்டிய இடத்தில் ‘நல்’ (ஜேசனில் வெறுமையைக் குறிக்கும் சொல்) வந்திருக்கிறது. ‘டைப்மிஸ்மேட்ச்’: எண் எதிர்பார்த்த இடத்தில் சரம் வந்திருக்கிறது, அந்த மாதிரி. ‘டேட்டாகரப்டட்’: ஜேசனே சரியில்லை, அல்லது தேதி போன்ற ஒரு மதிப்பு படிக்கும் வடிவில் இல்லை. ஆப்பிள் பின்னால் கேஸ் சேர்க்கக்கூடும் என்பதால் இங்கே மட்டும் ‘அன்னோன் டிஃபால்ட்’ ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

நான்கிலும் ‘கான்டெக்ஸ்ட்’ ஒன்று கூடவே வரும். அதில் மூன்று பொருள்: பாதை, விளக்கம், அடியில் ஏதாவது இருந்தால் அந்தப் பிழை. பாதை என்பது சாவிகளின் வரிசை. ஒவ்வொரு சாவிக்கும் சரப் பெயர் உண்டு. பட்டியலுக்குள் இருக்கும் இடமென்றால் எண் மதிப்பும் உண்டு. எண் இருந்தால் எண்ணை, இல்லையென்றால் பெயரை எடுத்துப் புள்ளியால் இணையுங்கள். ‘பயணங்கள்.3.இருக்கை.விலை’ என்று ஒரு வரி கிடைக்கும். நான்காவது பயணத்தின் விலையில் சிக்கல். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதை மறக்காதீர்கள்.

ஒரு நுணுக்கம். ‘கீநாட்ஃபவுண்ட்’ கேஸில் பாதை, காணாமல் போன சாவியின் தாய்ப் பெட்டியோடு நின்றுவிடும். அந்தச் சாவி தனி மதிப்பாக வரும். அதைப் பாதையின் கடைசியில் நாமே ஒட்ட வேண்டும். ஒட்டாமல் விட்டால் லாகில் ‘பயணங்கள்.3.இருக்கை’ என்று மட்டும் இருக்கும், இருக்கை என்ற பொருளே வரவில்லை என்று சர்வர் குழுவிடம் போய்ச் சொல்லிவிடுவீர்கள். ‘டைப்மிஸ்மேட்ச்’சில் பாதை முழுமையாகவே இருக்கும், அங்கே எதையும் ஒட்ட வேண்டாம்.

எங்கே பிரச்சினை என்று தெரிந்ததும் உடனே அந்தப் புலத்தை ஆப்ஷனலாக்கிவிடுவது பலருடைய கைப்பழக்கம். விலை இல்லாத டிக்கெட்டுக்குத் திரையில் எதைக் காட்டுவீர்கள் என்று முதலில் யோசித்துப் பாருங்கள். பதில் இல்லையென்றால் பிழை எறிவதே சரி, சர்வர் பக்கம்தான் திருத்தம் வேண்டும்.

## 7. எத்தனை அடுக்கு இருந்தாலும் இறங்கும் ஒரு சின்னச் செயற்கூறு

ஒவ்வொரு கேட்ச்சிலும் இந்தத் தோண்டுதலை எழுத வேண்டாம். ‘டிக்கெட்பிழை’யின் யூசர்இன்ஃபோவில், உள்பிழை இருக்கும் கேஸ்களுக்கு ‘என்எஸ்அண்டர்லையிங்எரர்கீ’ என்ற சாவியில் அந்த உள்பிழையை வைத்துவிடுங்கள். ஆப்பிளின் கட்டமைப்புகளும் அதே சாவியைப் பயன்படுத்துவதால், ஒரே சுற்று நம் பிழைக்கும் அவர்கள் பிழைக்கும் பொதுவாகும்.

செயற்கூறு இப்படி ஓடும். பிழையை வாங்கு. வகையின் பெயர், டொமைன், கோடு எழுதிக்கொள். ‘டிகோடிங்எரர்’ என்றால் பாதையையும் சேர். ‘என்எஸ்எரர்’ ஆக மாற்றி அந்தச் சாவியில் பார். ஏதாவது இருந்தால் அதை எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. இல்லையென்றால் நிறுத்து. பத்து அடுக்குக்கு மேல் போகாதபடி ஓர் எல்லை வையுங்கள். தன்னையே தனக்குள் வைத்திருக்கும் பிழை அரிது, ஆனால் வந்தால் செயலி உறைந்துபோகும்.

ஓர் எச்சரிக்கை. நம் பிழையை ‘என்எஸ்எரர்’ ஆக்கித் திரும்ப ‘டிக்கெட்பிழை’யாக மாற்றினால் ஒரே ஓட்டத்துக்குள் அசோசியேட்டட் வேல்யூக்களோடு பத்திரமாகத் திரும்பும். ஆனால் டொமைனையும் கோடையும் மட்டும் கோப்பில் எழுதிவைத்து, பிறகு அவற்றிலிருந்து புதிதாக ஓர் ‘என்எஸ்எரர்’ கட்டினால், அது வெறும் கூடு. வேண்டிய மதிப்புகளை யூசர்இன்ஃபோவிலும் எழுதிவைக்கச் சொல்வது இதனால்தான்.

## 8. பயனருக்கான வாசகம்: கம்பைலர் காட்டாத இரண்டு பொறிகள்

விவரம் எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் வாசகம். இங்கே இரண்டு தவறுகள் உண்டு, இரண்டுமே எச்சரிக்கையின்றி கம்பைல் ஆகும்.

முதலாவது. பிழை வகைக்குள் ‘லோக்கலைஸ்டுடிஸ்கிரிப்ஷன்’ என்ற பண்பை நேராக எழுதுவது. வகை ‘டிக்கெட்பிழை’ என்று கம்பைலருக்குத் தெரியும் இடத்தில் நம் வாசகம் வரும். வெறும் ‘எரர்’ ஆகக் கையில் இருக்கும் இடத்தில் பழைய ஆங்கில வரியே வரும். அந்தப் பண்பு ‘எரர்’ ப்ரோட்டோகாலின் தேவையாக இல்லாமல் நீட்டிப்பாகச் சேர்க்கப்பட்டிருப்பதே காரணம். சோதிக்கும்போது சரியாகத் தெரிந்து, திரையில் மட்டும் தவறாக வருவது இதனால்தான்.

சரியான வழி ‘லோக்கலைஸ்டுஎரர்’ ப்ரோட்டோகாலை ஏற்று, ‘எரர்டிஸ்கிரிப்ஷன்’ என்ற பண்பை எழுதுவது. இரண்டாவது பொறி அங்கே இருக்கிறது. அதன் டைப் ஆப்ஷனல் சரம். கேள்விக்குறியை விட்டு வெறும் சரம் என்று எழுதினால் அது வேறொரு பண்பாகக் கருதப்படும். ப்ரோட்டோகாலுக்குத் தேவையானது ஏற்கெனவே இயல்பாக நில் தரும்படி இருப்பதால் கம்பைலரும் எதுவும் கேட்காது. உங்கள் வாசகம் எழுதியபடியே இருக்கும், யாரும் அதைப் படிக்க மாட்டார்கள்.

வாசகத்தில் அசோசியேட்டட் வேல்யூவைப் பயன்படுத்துங்கள். ‘பிழை ஏற்பட்டது’ என்பதைவிட ‘14ஆம் இருக்கையை வேறொருவர் எடுத்துவிட்டார், வேறு இருக்கையைத் தேர்ந்தெடுங்கள்’ என்பது பயணிக்கு வழி சொல்கிறது. என்ன செய்யலாம் என்பதை ‘ரெக்கவரிசஜஷன்’ பண்பில் தனியாக வைத்தால் திரையில் இரண்டாவது வரியாகக் காட்டலாம். வங்கியின் குறியையும் டிகோடிங் பாதையையும் திரையில் கொட்ட வேண்டாம், அவை லாகுக்கு உரியவை.

முடிவெடுக்க மட்டும் இந்த வாசகத்தை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். ‘ஆஃப்லைன்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடி எழுதிய நிபந்தனை, ஃபோன் வேறு மொழிக்கு மாறியதும் செயலிழக்கும்.

## 9. லாகில் எழுதுவது

‘பிரின்ட்’ வேண்டாம், ‘லாகர்’ பயன்படுத்துங்கள். ஆனால் அதில் இடைச்செருகும் சரங்கள் இயல்பாகவே மறைக்கப்படும். டிபக்கர் இணைந்திருக்கும்போது முழுதாகத் தெரியும். பயனரின் ஃபோனிலிருந்து எடுத்த லாகில் ‘பிரைவேட்’ என்ற சொல் மட்டும் இருக்கும். எண்கள் மறைக்கப்படுவதில்லை. எனவே வகையின் பெயர், டிகோடிங் பாதை போன்ற ஆபத்தில்லாத சரங்களுக்கு மட்டும் ‘பப்ளிக்’ என்று குறிப்பிடுங்கள். சர்வர் தந்த காரண வாசகத்தை அப்படி விடாதீர்கள், அதில் பயனரின் பெயரோ எண்ணோ இருக்கலாம்.

## 10. விவரம் சத்தமில்லாமல் தொலையும் இடங்கள்

மேலே சொன்னதையெல்லாம் சரியாகச் செய்தும் கேட்ச்சுக்கு எதுவும் வரவில்லை என்றால் இவற்றைத் தேடுங்கள்.

‘ட்ரை’க்குப் பின் கேள்விக்குறி. பிழையை நில்லாக மாற்றிவிடும், காரணம் போனது போனதுதான். தோற்றாலும் கவலையில்லை என்ற இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

‘டாஸ்க்’ (தனியாக ஓடும் வேலை) கட்டத்துக்குள் எழுதிய ‘ட்ரை அவெய்ட்’. டாஸ்கின் மதிப்பை யாரும் காத்திருந்து வாங்கவில்லையென்றால் அங்கே எறியப்பட்ட பிழை டாஸ்கோடு மறைந்துவிடும். பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை என்று புகார் வந்தால் முதலில் இங்கே பாருங்கள். டூ–கேட்ச்சை டாஸ்குக்கு உள்ளே வையுங்கள், வெளியே அல்ல.

ரத்து. பயனர் திரையை விட்டுப் போனதும் நடந்துகொண்டிருந்த அழைப்பு ரத்தாகி ஒரு பிழை எறியும். இது இரண்டு வடிவில் வரும்: யூஆர்எல்செஷனிலிருந்து −999, டாஸ்கின் சொந்தச் சோதனைகளிலிருந்து ‘கேன்சலேஷன்எரர்’. ஒன்றை மட்டும் கவனித்தால் மற்றது எச்சரிக்கைப் பெட்டியாகத் திரையில் குதிக்கும். இரண்டையும் கேட்ச் வரிசையின் உச்சியில் பிடித்து, எதுவும் காட்டாமல் திரும்பிவிடுங்கள். −999ஐ ‘இணைப்பு’ கேஸுக்குள் சுற்றிவிட்டால் அது உச்சியில் பிடிபடாது என்பதால், சுற்றும் இடத்திலேயே அதை ஒதுக்கி அப்படியே மேலே எறிய வேண்டும்.

வெற்றி மதிப்பையோ பிழையையோ ஏந்தி வரும் ‘ரிசல்ட்’ டைப் பயன்படுத்துகிறவர்கள் ‘ஃபெயிலியர்’ பக்கத்தை ‘எரர்’ என்று பொதுவாக வைக்காமல் ‘டிக்கெட்பிழை’ என்றே எழுதுங்கள். வகை கடைசி வரை கூடவே வரும்.

## 11. ஒவ்வொரு கேஸையும் வரவழைத்துப் பாருங்கள்

ஆப்பிளின் சோதனைக் கட்டமைப்பான எக்ஸ்சிடெஸ்ட்டில் ‘எக்ஸ்சிடிஅசர்ட்த்ரோஸ்எரர்’ இருக்கிறது. பலர் பிழை எறியப்பட்டதா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். எந்தப் பிழை எறிந்தாலும் அந்தச் சோதனை தேறிவிடும். அதன் கடைசியில் தரும் க்ளோஷருக்குள் பிழை கையில் கிடைக்கும். அங்கே வகையை மாற்றி, கேஸைப் பிரித்து, இருக்கை எண் ‘14’தானா என்று மதிப்பு வரை ஒப்பிடுங்கள்.

டிகோடிங்குக்கு, நான்கு பழுதுபட்ட ஜேசன் துண்டுகளைச் சோதனைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்: சாவி இல்லாதது, நல் வந்தது, டைப் மாறியது, பாதியில் அறுந்தது. ஏழாம் படியின் செயற்கூறு ஒவ்வொன்றுக்கும் சரியான பாதையைத் தருகிறதா என்று பாருங்கள். சாவியை ஒட்ட மறந்திருந்தால் முதல் துண்டிலேயே மாட்டிக்கொள்ளும்.

வாசகத்துக்கும் ஒரு சோதனை எழுதுங்கள். அதில் பிழையை வேண்டுமென்றே ‘எரர்’ என்ற பொது டைப்பில் ஒரு மாறிலியில் வைத்து, அதன் ‘லோக்கலைஸ்டுடிஸ்கிரிப்ஷன்’ஐக் கேளுங்கள். எட்டாம் படியின் இரண்டு பொறிகளும் அப்போதுதான் வெளிப்படும்.

இணைப்புப் பிழைகளுக்கு உண்மையான ஃபோனே நல்லது. டெவலப்பர் அமைப்புகளில், இணைப்பை வேண்டுமென்றே மோசமாக்கிக் காட்டும் ‘நெட்வொர்க் லிங்க் கண்டிஷனர்’ இருக்கிறது. அதில் முழு இழப்பைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை, வைஃபையும் அணைந்த விமானப் பயன்முறையில் ஒருமுறை டிக்கெட் பதிவை அழுத்துங்கள். முன்னதில் நேரம் கடந்து −1001 வர வேண்டும், பின்னதில் உடனே −1009. வேலை முடிந்ததும் கண்டிஷனரை அணைத்துவிடுங்கள். மறந்தால் ஃபோனில் உள்ள மற்ற செயலிகளும் இணையம் இல்லாமல் நிற்கும்.